இன்வெர்ட்டர் பேட்டரி எவ்வளவு வேலை செய்யும்?

கேள்வி: எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் ‘12 வோல்ட், 150 ஆம்பியர் மணி’ என்று போட்டிருக்கிறது. அது மொத்தம் செய்யும் வேலையைக் கணக்கிட முடியுமா?

பதில்: முடியும். 12 வோல்ட் என்றால், ஒரு கூலும் மின்னூட்டத்தை நகர்த்த பேட்டரி 12 ஜூல் வேலை செய்கிறது என்று பொருள். 150 ஆம்பியர் மணியை 3,600 விநாடியால் பெருக்கினால் 5,40,000 கூலும். அதை 12ஆல் பெருக்குங்கள்: 64,80,000 ஜூல். மின்கட்டணக் கணக்கில் வெறும் 1.8 யூனிட்!

இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். 50 கிலோ அரிசி மூட்டையை ஒரு மீட்டர் தூக்க ஏறத்தாழ 490 ஜூல் போதும். அப்படிப் பதின்மூவாயிரம் மூட்டை தூக்கலாம். மின்னூட்டத்தைப் பேட்டரி உண்டாக்குவதில்லை, கம்பியில் ஏற்கெனவே இருப்பதை உந்துகிறது. இந்த வேலையில் ஒரு பங்கு பேட்டரியின் அகத்தடையிலேயே வெப்பமாகிவிடும். ஈய அமில பேட்டரியை முழுக்க வடியவிடவும் கூடாது, ஆயுள் குறையும்.