ஊட்டி தாவரவியல் பூங்கா: புல்தரையைக் கடைசிக்கு வையுங்கள்

நுழைந்ததும் பெரிய புல்தரை தெரியும். அங்கேதான் எல்லாக் குடும்பமும் கவிழ்கிறது. போர்வையை விரிக்கிறார்கள், பிள்ளைகள் உருளுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். பிறகு பசி வந்துவிடுகிறது. யாராவது "மேலே போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்கும்போது மணி 1. யாருக்கும் கால் எழாது. 55 ஏக்கர் பூங்காவில் அடிவாரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

வெளியூர் வண்டிக்கு இ-பாஸை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும். மே மாத மலர்க் கண்காட்சி நாட்களில் வயதானவர்களைக் கூட்டி வரவே வேண்டாம். காலை 9 மணிக்குள் உள்ளே இருங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்வது அங்கே வழக்கம்.

இனி, ஏற்றம். தொட்டபெட்டா மலையின் சரிவு இது. 1848-இல் மெக்ஐவர் இந்தப் பூங்காவை உருவாக்க வந்தபோது சரிவைத் தட்டுத்தட்டாகத்தான் திருத்த முடிந்தது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் என்பதால், ஊரில் மூன்று மாடி அலுக்காமல் ஏறுகிறவருக்கும் இங்கே மூச்சு வாங்கும். என் மாமியார் "எனக்கு ஒன்றுமில்லை, நடங்கள்" என்றார். பாதி வழியில் முகம் வெளுத்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே விதி: யார் ஏறுவது, யார் கீழே இருப்பது என்பதை வாசலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். வழியில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், பெரியவர்கள் மற்றவர்களுக்காக நடந்தே தீருவார்கள்.

கீழே இருப்பவர்களை அல்லிக் குளத்துக்கு எதிரே, இத்தாலியப் பூங்கா பக்கம் உட்கார வையுங்கள். சமதரை, பூப்பாத்திகள், வேடிக்கை பார்க்க ஆட்கள். கூட ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். ஒரு மணி நேரம் கழித்து அவர் ஏறட்டும், இறங்கியவர்களில் ஒருவர் உட்காரட்டும். எல்லாரும் கூடும் இடம் குளத்துப் பக்கத்துக் கல்மரம். 2 கோடி ஆண்டுப் பழமை என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் அந்த இடத்தை மறக்க மாட்டார்கள்.

ஏறுகிறவர்கள் படிகளை விட்டு வளைந்து போகும் பாதையைப் பிடியுங்கள், முட்டி தப்பிக்கும். குளிருகிறதே என்று தொப்பியை விட்டுவிடாதீர்கள், அந்த உயரத்து வெயில் தோலைக் கருக்கிவிடும். பிள்ளைகளிடம் எல்லா மரத்தின் பெயரையும் படிக்கச் சொல்லி வதைக்க வேண்டாம். ஐந்து மரம் போதும், பட்டையைக் கண்ணருகே பார்க்கட்டும். உச்சியில் தோடர் பழங்குடியினரின் மந்து, அதாவது குடியிருப்பு, இருக்கிறது. அது மனிதர்கள் வாழும் இடம், காட்சிப் பொருளல்ல. கேட்காமல் கேமராவை நீட்டாதீர்கள்.

சாப்பாட்டை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். கையில் தூக்குச்சட்டி இருந்தால் அரை மணிக்கொரு தரம் பிள்ளைகளுக்குப் பசிக்கும், குரங்குக்கும் பசிக்கும்.

இறங்கி வந்த பிறகு புல்தரை. இப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உருளட்டும். கிளம்பக் கால் மணி இருக்கும்போதே ஒருவர் முன்னால் போய் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பாட்டியைச் சேரிங் கிராஸ் சந்திப்பு வரை நடக்க வைக்காதீர்கள்.