பூட்டிய போனை அரசு திறக்கலாமா?

கேள்வி: ஐபோனில் ஆப்பிளின் கடையை விட்டால் செயலி எடுக்க வேறு வழியில்லை. அரசாங்கம் கட்டாயப்படுத்தித் திறக்க வைக்கக்கூடாதா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: வைக்கவேண்டும் என்பேன். தோட்டம் கொடுத்த அரிசிக்குச் சம்பளத்தில் கழித்த கதை உங்கள் பக்கத்துக்குத் தெரியாததா? ஐபோனிலும் அதே ஒற்றைக் கடைக் கதைதான்.

அரசு அதட்டினால் பலன் உண்டு. 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி இந்திய ரூபா அபராதம் விதித்தது. 2023 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை தர மறுத்த பிறகே, ஆண்ட்ராய்டு போனில் தேடுபொறியைத் தெரிவு செய்யும் வசதியை கூகுள் அங்கே அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல் ஐபோனிலும் வேறு கடைகள் உண்டு. ஆப்பிள் அதற்கும் புதுக் கட்டணம் போட்டது, சும்மா விடுமா?

வேறு கடைகளைத் திறந்தால் மோசடிச் செயலி வரும் என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு எச்சரிக்கை போதும், பூட்டு வேண்டாம். ஆனால் இலங்கை சின்னச் சந்தை. கொழும்பு தனியே அதட்டினால் இவர்கள் அசையமாட்டார்கள். டில்லியும் பிரசல்ஸும் ஏற்கெனவே வாங்கிய சலுகையை இங்கேயும் தா என்று கேட்பதே நடக்கக்கூடியது.