மலிவாக வரும் வேட்டை ரைஃபிள்: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: கீழ்ப்பழனி மலையில் எனக்கு ஐந்து ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. ஊடே மிளகும் மலைவாழையும் போட்டிருக்கிறேன். காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை, சில நாள் காட்டுமாடும் இறங்கிவிடுகிறது. துப்பாக்கி மேல் சின்ன வயதிலிருந்தே ஆசை உண்டு என்பதையும் மறைக்கவில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் செலவு செய்ய வசதியில்லை. பெங்களூரில் ஒரு குடும்பத்தில் பழைய .275 ரிக்பி ரைஃபிள் இருக்கிறது. அவர்கள் தாத்தா எஸ்டேட் மேனேஜராக இருந்தபோது லண்டனுக்கு ஆர்டர் கொடுத்து, தன் தோளுக்கு அளவெடுத்துச் செய்யச் சொல்லி வாங்கியதாம். லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது, அவர் இறந்து நான்கு வருடமாகிறது. மகன் 90,000 ரூபாய் சொல்கிறார், 25,000 முன்பணம் கேட்கிறார். இன்னொருவர், ராணுவ .303 ரைஃபிளின் கட்டையை மாற்றி வேட்டைத் துப்பாக்கியாக்கியதை 40,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். குடகு நண்பர் ஒருவரோ, "எங்களுக்கு லைசென்ஸே வேண்டாம், என் .315-ஐ எடுத்துக்கொள்" என்கிறார். என்னிடம் இதுவரை லைசென்ஸ் இல்லை. எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மூன்றில் எதையும் இப்போது வாங்காதீர்கள். முன்பணம் இன்னும் கைமாறவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. மாறாமலே இருக்கட்டும்.

ரிக்பியில் தொடங்குகிறேன், உங்கள் மனம் அதில்தான் இருக்கிறது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்ததும் இதே .275 ரிக்பிதான். துப்பாக்கி ஆசை உள்ளவர்கள் அந்தப் பெயருக்கு மயங்காமல் இருப்பது கடினம். அப்படிப்பட்ட ரைஃபிளை ஏன் இந்த விலைக்குத் தள்ளுகிறார்கள் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்து நான்கு வருடமாகியும் துப்பாக்கி வீட்டு பீரோவிலேயே இருக்கிறது.

லைசென்ஸ் என்பது ஆளுக்குத் தருவது. அவர் போனதும் அதுவும் போய்விடும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 21 என்ன சொல்கிறது என்றால், எந்தக் காரணத்தாலாவது ஒரு ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படியானதாக இல்லாமல் போனால், காலம் தாழ்த்தாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். அந்த மகன் அதைச் செய்யவில்லை. அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. "அப்பா துப்பாக்கிதானே" என்று பெரும்பாலான குடும்பங்களில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் இன்று லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவர். பிரிவு 25(1பி)-யின் கீழ் அதற்குக் குறைந்தபட்சம் இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. 2019 திருத்தத்துக்கு முன்பு ஒன்று முதல் மூன்று ஆண்டாக இருந்தது. வாங்கினால் அந்த நொடியிலிருந்து அதே பிரிவு உங்களுக்கும் பொருந்தும்.

அவர் இன்னொரு வாதம் வைப்பார், அதற்கும் தயாராக இருங்கள். தனிநபர் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் துப்பாக்கியை, வியாபாரி லைசென்ஸ் இல்லாமலே இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு விற்கலாம் என்று பிரிவு 5(2) இடம் கொடுக்கிறது. யாருக்கு விற்கப்போகிறார் என்பதைப் பெயர் முகவரியோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழித்து விற்க வேண்டும், அவ்வளவுதான். பழைய துப்பாக்கி வாங்குவோர் பலருக்கும் இந்தப் பிரிவு தெரியும். ஆனால் அதில், விற்பவர் அந்த ஆயுதத்தைச் "சட்டப்படி வைத்திருக்க வேண்டும்" என்ற நிபந்தனை இருக்கிறது, அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மகனிடம் அது இல்லை. ஆகவே 45 நாள் கடிதம் எழுதினால் அது அவரே தன் குற்றத்தைத் தன் கையால் எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

அவருக்கு நேரான வழி ஒன்று உண்டு. முதலில் ஒப்படைப்பு. வாரிசு என்ற முறையில் அப்பாவின் இறப்புச் சான்று, பழைய லைசென்ஸ் புத்தகம், இத்தனை நாள் ஏன் தாமதமானது என்ற விளக்கம் ஆகியவற்றோடு துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அதற்கு முன் அவர் ஊரில் ஒரு வக்கீலைப் பார்ப்பது அவருக்கு நல்லது. நான்கு வருடத் தாமதத்தை அதிகாரி எப்படி எடுத்துக்கொள்வார் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். அதன் பிறகு வாரிசுக்கான விதியின் கீழ், 2016 ஆயுத விதிகளில் விதி 25, அவரே தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். அல்லது பிரிவு 21(2) தரும் உரிமையில், ஒப்படைத்த இடத்திலிருந்தே தகுதியுள்ள ஒருவருக்கு விற்று அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். விதித்த காலத்துக்குள் எதையும் செய்யாவிட்டால் துப்பாக்கி அரசுக்குப் பறிமுதல். தாத்தா தோளுக்கு அளவெடுத்துச் செய்ததெல்லாம் அப்போது உதவாது. நீங்கள் வாங்கலாம் என்றால், இந்த ஒப்படைப்பு ரசீதைப் பார்த்த பிறகு, உங்கள் கையில் லைசென்ஸ் வந்த பிறகு, வியாபாரி வழியாக வாங்குங்கள்.

அதற்குள் "கொண்டுபோய் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்" என்பார்கள். வேண்டாம். லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைக் கையில் எடுத்துச் செல்லப் பிரிவு 3 தரும் விலக்கு மிகக் குறுகியது. லைசென்ஸ்தாரர் கூடவே இருக்க வேண்டும், அல்லது அவர் எழுத்தில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அதுவும் ரிப்பேருக்கு, லைசென்ஸ் புதுப்பிக்க, அவர் உபயோகத்துக்கு என்று மட்டும். இங்கே லைசென்ஸ்தாரரே உயிரோடு இல்லை.

ஒரு விஷயம், சட்டத்தை விட்டுவிட்டுச் செலவுக் கணக்காகச் சொல்கிறேன். .275 ரிக்பி என்பது 7×57 மவுசர் தோட்டா போடும் ரைஃபிள். நம் அரசுத் தொழிற்சாலைகளிலிருந்து சாதாரண லைசென்ஸ்தாரருக்கு எளிதாகக் கிடைப்பவை .315, .30-06, .22, 12 போர் போன்றவைதான். வெளிநாட்டுத் தோட்டா கிடைத்தாலும் ஒவ்வொன்றும் பணம். வெடித்த கூட்டில் நாமே மருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அது தோட்டா தயாரிப்பு, அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். பட்ஜெட்டில் ரைஃபிள் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது தோட்டா எங்கே கிடைக்கும் என்பதை.

ஆர்டர் கொடுத்துச் செய்த பழைய ரைஃபிள்களில் இன்னொரு சிக்கல் உண்டு. எழுபது எண்பது வருடத்தில் யாராவது குழலை மாற்றியிருப்பார்கள், கட்டையைக் குறைத்திருப்பார்கள், பழுதுபட்ட போல்ட்டுக்கு வேறு போல்ட் போட்டிருப்பார்கள். குழலில் உள்ள எண், ரிசீவரில் உள்ள எண், லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணை அழிப்பதும் திருத்துவதும் பிரிவு 8-இன் கீழ் குற்றம். அப்படித் திருத்திய துப்பாக்கி உங்களிடம் இருந்தால், திருத்தியது நீங்கள்தான் என்ற அனுமானத்தோடுதான் வழக்கு தொடங்கும், இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். குழலைக் குட்டையாக்குவதற்குப் பிரிவு 6 தனியாக உண்டு. ரிப்பேர் என்றாலும் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பட்டறையில்தான்.

.303 பற்றி இரண்டு வரி போதும். அது தடைசெய்யப்பட்ட போர் (bore, அதாவது குழல் அளவு). ராணுவத் தோட்டா போடும் ரைஃபிள் என்பதால், கட்டையை எப்படி மாற்றினாலும் அதே வகைதான். மாவட்ட அளவில் அதற்கு லைசென்ஸ் கிடையாது, மத்திய உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டும், உயிருக்குக் கடும் ஆபத்து உள்ளவர்களுக்கே தருவார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் பிரிவு 25(1ஏ): குறைந்தது ஏழு ஆண்டு, பதினான்கு வரை போகலாம். 40,000 ரூபாய்க்கு இது ஏன் கிடைக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும். அந்த ஆளின் எண்ணைப் போனிலிருந்தே அழித்துவிடுங்கள்.

குடகு நண்பர் பொய் சொல்லவில்லை, பாதி சொன்னார். பிரிவு 41-இன் கீழ் மத்திய அரசு கொடவ இனத்தவருக்கும் ஜம்மா எனப்படும் பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸிலிருந்து விலக்குத் தந்திருக்கிறது. 2019-இல் அதை 2029 அக்டோபர் 31 வரை நீட்டித்தார்கள், அதை எதிர்த்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் தள்ளுபடி செய்தது. அந்த விலக்கு அந்த மனிதருக்கு. துப்பாக்கி உங்கள் கைக்கு வந்த நொடியில் விலக்கு அவரிடமே நின்றுவிடும், நீங்கள் லைசென்ஸ் இல்லாத திண்டுக்கல்காரர். அவர் .315-ஐ விற்பது தவறில்லை. இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த, தடைசெய்யப்படாத போர் உள்ள, தோட்டா கிடைக்கக்கூடிய நல்ல ரைஃபிள்தான் அது. உங்களிடம் லைசென்ஸ் வந்தபின், 45 நாள் அறிவிப்புக் கொடுத்து விற்கட்டும்.

இனி முக்கியமான கேள்வி. லைசென்ஸ் வந்து, ரைஃபிளும் வந்தால், பன்றியைச் சுடலாமா? முடியாது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, பிரிவு 9 வேட்டையை முழுக்கத் தடுக்கிறது. காட்டுமாடு முதல் அட்டவணையில் உள்ள விலங்கு, அதைச் சுட்டால் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு சிறை, ஏழு ஆண்டு வரை போகும். ஆயுதமும் வண்டியும் போய்விடும். பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது. காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பிடிக்கவோ சுடவோ கூடாது, ஒன்று முதல் மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றுக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். தோட்டக்காரர் சுடலாம் என்று எங்கும் இல்லை. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களின் உத்தரவின் பேரில் லைசென்ஸ்தாரர்கள் பன்றி சுடுகிறார்கள், அதைப் பார்த்து இங்கே பலர் குழம்புகிறார்கள். அந்த ஏற்பாடு கேரள எல்லையோடு சரி. விலங்கு உங்கள் மேல் பாய்ந்து, உயிரைக் காக்க நல்லெண்ணத்தில் சுட்டால் பிரிவு 11(2) காப்பாற்றும். அந்தப் பிரிவு உங்களுக்கும் மற்றவருக்கும் உள்ள ஆபத்தைத்தான் பேசுகிறது, மிளகுக்கொடியைப் பேசவில்லை. அந்த நேரத்தில் நீங்களே வனவிலங்குச் சட்டத்தை மீறும் செயலில் இருந்தால் அதுவும் கிடையாது.

ஆகவே மனுவில் "வேட்டைக்கு" என்று எழுதினால் அன்றே தள்ளுபடி. பயிர்ப் பாதுகாப்பு என்பது உண்மையான காரணம், உங்களிடம் அது இருக்கிறது. ஆயுதச் சட்டம், பிரிவு 13(3)-ஐக் கவனியுங்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்து கெட்டித்துச் சுடும் குழல் துப்பாக்கி கேட்டாலும், பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, உள்வரி இல்லாத துப்பாக்கி கேட்டாலும், வேறு தடை இல்லாவிட்டால் அதிகாரி தர வேண்டும் என்பது சட்டத்தின் போக்கு. ரைஃபிள் கேட்டால் "தகுந்த காரணம்" இருக்கிறது என்று அவரை நீங்கள் நம்பவைக்க வேண்டும். பன்றியைச் சுடவே கூடாது என்ற நிலையில், நூறு கெஜம் தாண்டிப் பாயும் ரைஃபிள் எதற்கு என்று கேட்பார், எனக்கும் பதில் தெரியவில்லை. ஆகவே பழைய 12 போர் எஸ்.பி.பி.எல். (ஒற்றைக் குழல்) அல்லது டி.பி.பி.எல். (இரட்டைக் குழல்) கேளுங்கள். 2019 திருத்தம் ஒருவருக்கு மூன்றாக இருந்த துப்பாக்கி உச்சவரம்பை இரண்டாக்கியது, வாரிசாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். மூன்றாவதை வைத்திருந்தவர்கள் அதை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அப்படி நேர்மையாக வெளியே வந்த துப்பாக்கிகளை லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் விசாரியுங்கள், உங்கள் பட்ஜெட்டுக்கு இதுதான் வழி.

மனு செய்யும் முன் ரேஞ்சர் அலுவலகத்தில் ஒன்று கேளுங்கள். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்திலிருந்து 10 கி.மீ. சுற்றளவுக்குள் புதிய ஆயுத லைசென்ஸ் தர, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்று வனவிலங்குச் சட்டம், பிரிவு 34(3) சொல்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களின் லைசென்ஸைப் புதுப்பிக்கவும் வனத்துறைக்குத் தகவல் போக வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் மனு கிடந்து போவதற்கு இந்த ஒரு கடிதம் வராததே காரணமாகிவிடலாம். பட்டா, சிட்டா, அடங்கல், சேதம் குறித்து வனத்துறைக்கு நீங்கள் கொடுத்த மனுக்களின் நகல், பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று எல்லாம் சேர்த்து வையுங்கள். போலீஸ் அறிக்கையில் நிலுவை வழக்கு ஏதும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மறைத்ததுதான் தள்ளுபடிக்குக் காரணமாகும். லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு வரும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், ஆயுதச் சட்டம், பிரிவு 18-இன் கீழ் மேல்முறையீடு உண்டு.

முன்பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், "லைசென்ஸ் கிடைத்தால் மட்டுமே கிரயம், கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் திரும்ப" என்ற நிபந்தனையோடு எழுதி, வங்கி வழியாகக் கொடுங்கள். அதற்கு விற்பவர் சட்டப்படி வைத்திருப்பவராக இருக்க வேண்டும். ரிக்பிக்காரர் இன்று அப்படி இல்லை, அவருக்குக் கொடுக்கும் பணத்தைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் போனால், சட்டவிரோத நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்ற இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 23-ஐ எதிர்த்தரப்பு உடனே எடுத்து வைக்கும். துப்பாக்கி ஆசை மட்டும் தீர வேண்டும் என்றால், அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் எதிலாவது உறுப்பினராகுங்கள். அங்கே கிளப் துப்பாக்கியிலேயே பயிற்சி எடுக்கலாம், .22 லைசென்ஸ் கேட்பதற்கும் அது வலுவான காரணம்.