கருப்பைவாய்த் தையலுக்குப் பின் கருத்தரிப்பு

"வாயைத் தைத்துவிட்டார்களே, இனி இவளுக்குக் கரு நிற்குமா?" கோவிலூரிலிருந்தும் காரைக்குடியைச் சுற்றியுள்ள பிற ஊர்களிலிருந்தும் எங்களிடம் வரும் குடும்பங்களில், இவ்வினாவைப் பெரும்பாலும் நோயாளி எழுப்புவதில்லை. அவர் ஸ்கேன் அறைக்குள் சென்ற பிறகு, உடன் வந்த மாமியாரோ அப்பத்தாவோ தாழ்ந்த குரலில் கேட்கிறார். வினா எளியது, அதன் பின்னுள்ள அச்சம் செய்யும் தீங்கு பெரிது. இரண்டு கருக்களை ஐந்தாம் மாதத்தில் இழந்த பெண்கள் சிலர், இந்த அச்சத்தினாலேயே மூன்றாம் கருவிற்குத் தையல் வேண்டாம் என மறுத்துவிடுகின்றனர். வேறு சிலர், தையலின் துணையால் ஒரு குழந்தையைப் பெற்ற பின், இனிக் கரு தரிக்காது என்று நம்பிக் கருத்தடை எதுவும் மேற்கொள்ளாமல் இருந்துவிடுகின்றனர். பிறகு எதிர்பாராமல் கருவுற்று, தையல் இடுவதற்கு உரிய காலம் கடந்த பின்னரே மருத்துவமனைக்கு வருகின்றனர்.

குழப்பத்திற்கு ஒரு காரணம் சொல்லில் உள்ளது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையையும் 'ஆபரேஷன்' என்கிறோம். இதையும் 'ஆபரேஷன்' என்கிறோம். முன்னது கருக்குழாய்களை அடைப்பது. பின்னது அவற்றின் அருகேகூடச் செல்வதில்லை.

கருப்பையின் கீழ்ப்பகுதி ஒரு கழுத்துப் போலக் குறுகிப் பிறப்புறுப்பினுள் திறக்கிறது. அதனையே கருப்பைவாய் என்கிறோம். கருக்காலத்தின் நடுப்பகுதியில் இது ஏறத்தாழ 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளமுடையதாய், இறுக மூடியிருக்க வேண்டும். சிலரிடம் இது வலுவிழந்து, குழந்தை வளர வளர, வலி ஏதும் பெரிதாக இன்றியே திறந்துகொள்கிறது. அடிவயிற்றில் ஓர் அழுத்தம், சிறிது நீர்க்கசிவு, பிறகு பனிக்குடம் உடைதல் என்று எல்லாம் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. முந்தைய பிரசவத்தில் ஏற்பட்ட கிழிசல், கருப்பைவாயில் செய்யப்பட்ட அறுவை, பிறவியிலேயே அமைந்த குறை ஆகியவை காரணங்களாகலாம். பலரிடம் காரணமே தெரிவதில்லை. பளு தூக்கியதும் பேருந்தில் பயணம் செய்ததும் இந்த வலுவின்மையை உண்டாக்கா. கருவை இழந்த பெண்ணை அவள் செய்த வேலைகளைச் சொல்லிக் குற்றம் சாட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழியவில்லை என்பதால் இதனை அழுத்திச் சொல்கிறோம்.

இதற்கான தையல் முறை நம் நாட்டில் பிறந்தது. மும்பையின் மகப்பேறு மருத்துவர் வித்தல் நாகேஷ் சிரோத்கர், நடுக்காலக் கருச்சிதைவுக்கான தம் புதிய அறுவை முறையை 1955ஆம் ஆண்டில் வெளியிட்டார். அது அச்சேறியது சென்னையிலிருந்து வெளிவந்த 'ஆண்டிசெப்டிக்' என்னும் மருத்துவ இதழில். நோயாளியின் தொடையிலிருந்தே எடுத்த மெல்லிய தசையுறைப் பட்டையால் கருப்பைவாயைச் சுற்றிக் கட்டினார் அவர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1957இல், ஆஸ்திரேலியாவின் இயன் மெக்டொனால்டு இன்னும் எளிய முறையைக் கூறினார். ஆச்சிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையின் வாயில் கயிறு ஓடுவதைப் போல, கருப்பைவாயைச் சுற்றி நூலை ஓட்டி இறுக்குவது அது. இன்றும் மிகுதியாகச் செய்யப்படுவது இதுவே.

இனி அந்த வினாவிற்கு வருவோம். கருத்தரிப்பு நிகழுமிடம் கருக்குழாய். கரு பதியுமிடம் கருப்பையின் உட்சுவர். தையல் இவ்விரண்டையும் தொடுவதில்லை. பிறப்புறுப்பு வழியாக இடப்படும் தையல், 36 அல்லது 37ஆம் வாரத்தில் சில நிமிடங்களில் அகற்றப்படுகிறது. பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படுவதில்லை. அதன்பின் அங்கே நூல் இல்லை. வழி முன்போல் திறந்தே இருக்கிறது. ஆகவே இத்தையலால் மலட்டுத்தன்மை வருவதில்லை.

சிலருக்கு மட்டும் வயிற்றின் வழியாக, கருப்பைவாயின் மேல்பகுதியில் தையல் இடப்படுகிறது. முன்பு கீழ்வழியே இட்ட தையல் பயன் தராதவர்களுக்கும், கருப்பைவாய் மிகக் குறுகிப்போனவர்களுக்கும் உரிய முறை இது. கருத்தரிக்கும் முன்பே இதனைச் செய்யலாம்; குழந்தை பிறந்த பின்னும் அகற்றாமல் அடுத்த கருவிற்கென விட்டுவைக்கலாம். உள்ளேயே இருக்கும் நூல் தடையாகாதா என்று கேட்கலாம். மாதவிடாய் இரத்தம் வெளியேறும் வழி இத்தையலால் அடைபடுவதில்லை. விந்தணு மேலேறும் வழியும் அதுவே. பிரிட்டனில் நடந்து 2020இல் வெளியான மேவ்ரிக் ஆய்வில், முன்பு தையல் பயனளிக்காத பெண்களுள், வயிற்றுவழித் தையல் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கே 32 வாரத்திற்கு முன் பிரசவமாயிற்று. கீழ்வழித் தையல் பெற்றவர்களில் அது 33 விழுக்காடு. கருத்தரிக்கும் முன்பே தையல் பெற்றவர்கள் கருவுறுவதில் குறிப்பிடத்தக்க தாமதமும் காணப்படவில்லை. ஆனால் வயிற்றுவழித் தையல் உடையவர்களுக்குச் சிசேரியன் இன்றியமையாதது. அச்சிசேரியனின்போதே குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிடுங்கள் என்று உறவினர் கூறுவதுண்டு. அது தனியான முடிவு. பிரசவ மேசையில் எடுக்கத்தக்கது அன்று. பல மாதங்கள் முன்பே, பெண்ணின் விருப்பத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அப்படியானால் சிலருக்கு ஏன் தாமதமாகிறது? முன்பு கரு கலைந்தபோது கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்ததால் உட்சுவரில் வடு ஒட்டியிருக்கலாம். அப்போது ஏற்பட்ட தொற்று கருக்குழாயை அடைத்திருக்கலாம். மாதவிடாய் முன்பைவிட மிகக் குறைந்துபோயிருந்தால் இதனை ஐயுற வேண்டும். இழப்புகளுக்கிடையே ஆண்டுகளும் கழிந்து வயது ஏறியிருக்கும். கணவரின் விந்தணுக் குறையும் காரணமாகலாம். எனவே ஓராண்டு முயன்றும், மனைவிக்கு 35 வயதைக் கடந்திருப்பின் ஆறு மாதங்கள் முயன்றும் கருத்தரிக்காவிடில், இருவரும் சேர்ந்தே வாருங்கள். கணவருக்கான பரிசோதனை எளியது, செலவு குறைந்தது. ஆயினும் அதுவே கடைசிவரை தள்ளிப்போடப்படுகிறது.

உண்மையான கவலை கருத்தரித்த பின்பே தொடங்குகிறது. தையல் அகற்றப்பட்டாலும் கருப்பைவாயின் வலுவின்மை அகலுவதில்லை. ஒரு குழந்தை நலமாகப் பிறந்துவிட்டதால் அடுத்ததற்குக் கண்காணிப்பு வேண்டாம் என்பது தவறான கணக்கு. உயிருடன் பிறந்த குழந்தைக்குப் பின் இரண்டு ஆண்டுகளாவது இடைவெளி விட வேண்டும். அதுவரை காப்பர் டி போன்ற தற்காலிக முறைகள் போதும். மாதவிடாய் தள்ளிப்போனவுடனே கருவைப் பதிவு செய்து, பழைய இழப்புகளைக் கிராம சுகாதார செவிலியரிடமும் மருத்துவரிடமும் ஒன்றுவிடாமல் கூறுங்கள். பலமுறை இழந்தவர்களுக்கு 12 முதல் 14 வாரங்களுக்குள் தையல் இடப்படுகிறது. மற்றவர்களுக்கு இரு வாரத்திற்கு ஒருமுறை பிறப்புறுப்பு வழி ஸ்கேன் செய்து, 24ஆம் வாரத்திற்கு முன் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழ் குறைந்தால் மட்டும் தையல் இடலாம். சிலருக்குப் புரோஜெஸ்டிரோன் மருந்தே போதுமாகலாம்.

எல்லோருக்கும் தையல் வேண்டுவதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 1993இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் 1292 பெண்கள் பங்கேற்றனர். மொத்தத்தில் ஏறத்தாழ 25 தையல்களுக்கு ஒன்றே மிகமுன்கூட்டிய பிரசவத்தைத் தடுத்தது. ஆயினும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நடுக்கால இழப்போ குறைமாதப் பிரசவமோ கண்டவர்களிடையே, 33 வாரத்திற்கு முன் பிரசவமானோர் 32 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாகக் குறைந்தனர். யாருக்கு வேண்டும் என்று தேர்ந்து இடுவதிலேதான் பயன் இருக்கிறது.

தையல் இட்ட பெண்ணை ஐந்து மாதம் கட்டிலிலேயே படுக்க வைப்பது நல்லது என்ற நம்பிக்கைக்குச் சான்றில்லை. அசைவின்றிக் கிடப்பதால் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் ஆபத்து மிகும். சமையலறை வேலையும் மெல்லிய நடையும் ஆகும். ஆனால் நீர்க்கசிவு, இரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள். ஊர்தியில் ஏறியவுடன் "கருப்பைவாயில் தையல் இருக்கிறது" என்று முதலில் கூறுங்கள். நூல் வெட்டப்படாமல் பிரசவவலி முற்றினால் கருப்பைவாய் கிழிந்துவிடும். அக்கிழிசல் அடுத்த கருவையும் பாதிக்கும்.

தாய்வீட்டிற்குப் பிரசவத்திற்குச் செல்வோர், தையல் இட்ட நாள், அது கீழ்வழியா வயிற்றுவழியா, எந்த வாரத்தில் அகற்ற வேண்டும் என்னும் மூன்று செய்திகளையும் மருத்துவரிடம் எழுதி வாங்கித் தாய்சேய் நல அட்டையினுள் வைத்துக்கொள்ளுங்கள். அறுவைக் குறிப்பின் நகல் வேண்டுவோர் எங்கள் பதிவேட்டுப் பிரிவில் கேட்டுப் பெறலாம்.