கையிலுள்ள தொழிலும் கடவுளின் அழைத்தலும்

இறையழைத்தல் என்றதும் குருமடமும் கன்னியர் மடமுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. வெங்காயம் நடுகிறவருக்கும் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறவருக்கும் அழைத்தல் உண்டு. தாலந்து உவமையை (மத்தேயு 25:14-30) இம்முறை அந்த எண்ணத்தோடு வாசிப்போம்.

தாலந்து என்பது முதலில் திறமையைக் குறித்த சொல் அல்ல. அது ஒரு பண அளவு. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஆகவே ஒரே தாலந்து பெற்றவனிடமும் ஏறத்தாழ 20 ஆண்டு உழைப்பின் பெறுமதி இருந்தது. அவன் வெறுங்கையன் அல்லன். அச்சத்தினால் அதை நிலத்தில் புதைத்தான்.

ஆயினும், இடம்பெயர்ந்து வந்து காணி உறுதியின்றிக் குத்தகை நிலத்தில் நிற்பவரைப் பார்த்து "நீ தாலந்தைப் புதைத்தாய்" என்பது அநியாயம். உவமையிலே தலைவர் முதலில் கொடுத்தார், பிறகே கணக்குக் கேட்டார். காணியும் தண்ணீரும் கேட்டு நிற்பது சோம்பல் ஆகாது. இதைச் சொல்லாமல் இவ்வுவமையைப் பிரசங்கிக்கக் கூடாது என்பது எமது கருத்து.

காணி போனாலும் கைத்தொழில் நம்மோடு வருகிறது. திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரத்தில் அக்கிலா, பிரிஸ்கில்லா என்ற கணவன் மனைவியைக் காண்கிறோம். கிளவுதியு மன்னனின் கட்டளையால் உரோமையிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கொரிந்துக்கு வந்தவர்கள். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். அதே தொழில் தெரிந்த பவுல் அவர்களோடு தங்கி வேலை செய்தார். பின்னர் கற்றறிந்த அப்பொல்லோவுக்கே விளக்கம் கொடுத்தவர்களும் இவர்கள்தாம்.

நமது கரையும் அப்படி ஒருவரைக் கண்டது. புனித யோசவ் வாஸ் அடிகளார் 1687இல் யாழ்ப்பாணம் வந்தார். ஒல்லாந்தரின் கெடுபிடியால் அங்கிருந்து விலகி, அப்போது கண்டி அரசனின் ஆட்சியில் இருந்த புத்தளத்துக்கு 1690 அளவில் வந்து பணியாற்றினார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். அந்தச் சிறைக் காலத்தைச் சிங்களம் கற்கப் பயன்படுத்தினார். 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தம் கையாலேயே பராமரித்தார்.

நம் தோட்டங்களுக்கு வருவோம். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பெரும் எண்ணிக்கையில் இம்மாவட்டத்துக்கு வந்தன. அவர்களிலும், போரினால் பெயர்ந்த ஏனையோரிலும், நல்ல கமக்காரர் பலர். கற்பிட்டி மணல் வேறு வகை. தண்ணீர் ஆழமில்லாமல் கிடைக்கும். ஆனால் அந்த நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. இட்ட பசளை மணலில் நிற்காது, நேரே கிணற்றுக்கு இறங்கும். இக்குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பால்குடிக் குழந்தைக்கு அது ஆபத்து. கொதிக்கவைத்தாலும் போகாது.

இங்கேதான் ஊரிலிருந்து கொண்டுவந்த அறிவு தேவைப்படுகிறது. பூவரசங்குழை தாட்டலும் மாட்டுப்பட்டி அடைத்தலும் யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்குப் பழக்கமானவை. எருவும் குழையும் சேர்ந்த மணல், ஈரத்தையும் பசளையையும் கூடுதலாகப் பிடித்துவைக்கும். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகப் பிரித்து இடலாம். (கமக்காரன் மண்ணில் புதைப்பதெல்லாம் அந்த வேலைக்காரன் புதைத்தது போல் அல்ல!) ஒருவர் கிணற்றைக் காப்பது அயலவர் பிள்ளையைக் காப்பதாகும். அந்தப் பிள்ளை எந்தக் கோயிலுக்கு, எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறது என்று தண்ணீர் கேட்பதில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் பெரியவர்களிடம் கேளுங்கள்: சொந்த ஊரில் நிலத்துக்கு என்ன போட்டீர்கள், எந்த மாதத்தில், எவ்வளவு? இளையவர் ஒருவர் அதைக் கொப்பியில் எழுதட்டும். குடிக்கும் கிணறு தோட்டத்திலிருந்து எத்தனை அடி தூரத்தில் உள்ளது என்பதையும் ஒவ்வொரு குடும்பமும் அளந்துகொண்டு வாருங்கள்.