உமணர் வண்டியும் ஊர்திக் கணினியும்

நுழையும்முன்

நெடும்பயணம் புறப்படுவோர் வழியில் நேரக்கூடிய இடர்களை முன்னரே எண்ணி ஆயத்தமாவது பழந்தமிழர் வழக்கம். இன்று நெடுஞ்சாலையில் விரையும் சரக்குந்துகளிலும் அத்தகைய ஆயத்தம் உண்டு. ஊர்திக்குள் கணினியை அமைப்பது எவ்வாறு, அது யாருக்குத் துணையாக வேண்டும் என்பவற்றை விளக்குகிறது இப்பாடம்.

உப்பு சென்ற வழி

நாகூரின் வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 32இல் இரவும் பகலும் சரக்குந்துகள் ஓய்வதில்லை. ஊரின் வடக்கே வாஞ்சூரில் காரைக்கால் துறைமுகம் உள்ளது. அங்கு இறங்கும் நிலக்கரியும், காவிரிப் படுகையில் விளைந்த நெல்லும், வேதாரண்யத்து உப்பும் இப்பகுதிச் சாலைகளில் பயணம் செய்கின்றன.

உப்பை ஊர்தோறும் கொண்டு சென்று விற்ற உமணர்களைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. பாரம் மிகுந்த அவர்களுடைய வண்டிகள் மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் செல்ல வேண்டியிருந்தது. இடைவழியில் அச்சு முறிந்தால் உதவிக்கு எவருமில்லை. ஆகவே, வண்டியின் கீழே மற்றோர் அச்சைக் கட்டி எடுத்துச் சென்றனர். அதற்குச் சேமஅச்சு என்று பெயர். ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்று இவ்வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறது. இன்றைய சரக்குந்தில் அமைக்கப்படும் கணினியும் ஒருவகைச் சேமஅச்சே ஆகும். இயந்திரமோ மனிதரோ தளரும் வேளையில் பயணத்தைத் தாங்குவதே அதன் பணி.

மின்சாரம் என்னும் முதற்படி

வீட்டுக் கணினியை அப்படியே தூக்கிச் சரக்குந்தில் வைத்துவிட இயலாது. கனரகச் சரக்குந்துகளில் பெரும்பாலும் 12 வோல்ட் மின்கலம் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் மின்னழுத்தம் பெறுகின்றனர். இயந்திரத்தை முடுக்கும் நொடியில் இவ்வழுத்தம் சட்டெனத் தாழும். இயந்திரம் ஓடும்போது ஏறக்குறைய 28 வோல்ட்டுக்கு உயரும். இந்த ஏற்ற இறக்கம் கணினியைத் தாக்காதவாறு, நிலையான மின்னழுத்தம் தரும் மாற்றியை இடையில் பொருத்த வேண்டும்.

மின்கலத்திலிருந்து வரும் கம்பியில், மின்கலத்துக்கு மிக அருகிலேயே மின்னுருகி அமைய வேண்டும். கம்பி எங்கேனும் உராய்ந்து உலோகச் சட்டத்தைத் தொட்டால் உருகி அறுந்து, தீ விபத்தைத் தடுக்கும். உருகி தொலைவில் இருந்தால் இடைப்பட்ட கம்பிக்குக் காப்பு இல்லை.

மற்றொரு கணக்கும் உண்டு. கணினியும் திரையும் சேர்ந்து 60 வாட் மின்திறன் கொள்வதாகக் கருதுவோம். 24 வோல்ட்டில் அதற்கு 2.5 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. நிறுத்தப்பட்ட ஊர்தியில் 10 மணி நேரம் அது இயங்கினால் 25 ஆம்பியர்-மணி அளவு மின்னூட்டம் செலவாகும். சுமை இறக்கக் காத்திருக்கும் ஊர்தி மறுநாள் புறப்பட இயலாமல் போகக்கூடும். மின்கலம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தாழ்ந்ததும் கணினியை முறையாக அணைத்து, இணைப்பைத் துண்டிக்கும் அமைப்பு இதனாலேயே இன்றியமையாததாகிறது.

அதிர்வும் வெப்பமும்

வன்தட்டில் தகவலைப் படிக்கும் முனை, சுழலும் தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அந்த இடைவெளி தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. குண்டும் குழியுமான சாலையின் அதிர்வு அம்முனையைத் தட்டில் மோதச் செய்யலாம். அசையும் உறுப்பு எதுவுமற்ற திண்மநிலை நினைவகமே சரக்குந்துக்கு ஏற்றது.

வெயிலில் நிற்கும் ஊர்தியின் கண்ணாடி அறை உலையாகக் கொதிக்கும். ஆகவே கணினிப் பெட்டி நேரடி வெயில் படாத இடத்தில், காற்றோட்டத்துடன், தூசி புகாதவாறு இறுகப் பிணைக்கப்பட வேண்டும். தளர்வாக வைக்கப்பட்ட பெட்டி, திடீரென வேகத்தடை அழுத்தும்போது ஓட்டுநர்மீதே பாயக்கூடும். திரையும் சாலையை மறைக்காத இடத்தில் அமைய வேண்டும். ஊர்தி ஓடும்போது அதில் விரல் பதிக்கும் வேலை இருத்தலாகாது.

ஊர்தியின் நரம்பும் விண்ணின் துணையும்

புதிய சரக்குந்துகளில் இயந்திரத்தின் வெப்பம், எரிபொருள் அளவு, சக்கரத்தின் வேகம் ஆகியவற்றை உணரிகள் அளக்கின்றன. இவற்றின் செய்திகளை முறுக்கிய இரு கம்பிகளின் வழியே பரிமாறும் முறையைப் பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. மனித உடலின் நரம்பு மண்டலத்தை ஒத்த இவ்விணைப்பிலிருந்து ஊர்திக் கணினி தகவலைப் பெற்று, பழுது முற்றுமுன் எச்சரிக்கிறது.

இருப்பிடம் அறியச் செயற்கைக்கோள்கள் துணைநிற்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்பலைகள் கிடைத்தால், ஊர்தி நிற்கும் இடத்தையும் காலத்தையும் கணித்துவிடலாம். இந்தியாவின் சொந்த இடங்காட்டி அமைப்பான நாவிக்கின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஏவப்பட்டது. கைப்பேசி அலைவரிசை எட்டாத இடங்களில் கருவி தகவலைத் தன்னுள் சேமித்து, அலைவரிசை கிடைத்ததும் அனுப்புகிறது.

புலி இலச்சினையும் மின்வழிச் சீட்டும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பண்டங்களுக்குச் சுங்கம் பெற்று, சோழரின் புலி இலச்சினை பொறித்ததைப் பட்டினப்பாலை விவரிக்கிறது. இன்று அப்பணியை மின்னணுச் சீட்டுகள் செய்கின்றன. 2018 ஏப்ரல் 1 முதல், மாநிலங்களுக்கு இடையே செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் எனப்படும் மின்வழிச் சீட்டு தேவைப்படுகிறது. 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. முகப்புக் கண்ணாடியில் ஒட்டப்படும் அவ்வில்லையில் மின்கலம் இல்லை. சாவடியின் வானொலி அலையே அதற்கு வேண்டிய ஆற்றலைத் தருகிறது.

தெரிந்து தெளிவோம்

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டு, 2025 வரை நடைமுறையில் இருந்தது. அதன் பொது விதியாக, நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமும் வேலை வரம்பாக இருந்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்குமேல் பணியாற்றுமுன் குறைந்தது அரை மணி நேர ஓய்வு அளிக்கப்பட வேண்டும் என்று அச்சட்டம் விதித்திருந்தது.

கண்காணிப்பா? காவலா?

ஊர்திக் கணினியின் அறம் இத்தகைய விதிகளோடு தொடர்புடையது. ஊர்தி எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதை உரிமையாளர் தம் இருக்கையிலிருந்தே அறிய முடிகிறது. “ஏன் நிறுத்தினாய்?” என்று கேட்பதற்கு மட்டும் அத்தகவல் பயன்படுமானால், கண்கள் சொருகும் நள்ளிரவிலும் ஓட்டுநர் ஊர்தியை நிறுத்த அஞ்சுவார். அப்போது கணினியே விபத்துக்கு வழிகோலிவிடும்.

அதே தகவலைக் கொண்டு, “ஐந்து மணி நேரமாக ஓட்டுகிறார், இனி ஓய்வு வேண்டும்” என்று கணிக்கவும் முடியும். சுமை இறக்கக் காத்திருந்த நேரத்தையும் உழைப்பாகக் கணக்கிட்டுக் கூலிக்குச் சான்று காட்டவும் முடியும். இயலாத காலக்கெடுவை விதித்தவர் யார் என்பதையும் அதே பதிவு வெளிப்படுத்தும். கருவி ஒன்றுதான், அதனைக் கையாளும் உள்ளமே வேறு. ஆகவே, என்ன பதிவாகிறது என்பதை ஓட்டுநர் அறிந்திருத்தலும், தம்மைப் பற்றிய பதிவைத் தாமே காண முடிதலும் முறையாகும்.

2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரகச் சரக்குந்துகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்வசதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பொருளைச் சுமக்கும் ஊர்தியில் மனிதரும் பயணம் செய்கிறார் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது.

உமணர் சேமஅச்சைக் கட்டியது, வண்டி நடுவழியில் நின்றுவிடாமல் ஊர் சேர்வதற்காக. வண்டியுடன் அதனைச் செலுத்தியவரும் ஊர் சேர்ந்தார். இன்றைய ஊர்திக் கணினியின் வெற்றியும் அவ்வாறே அளக்கப்பட வேண்டும். சரக்கு குறித்த நேரத்தில் சேர்ந்தது என்பது அதன் பாதிப் பயன். ஓட்டுநர் நலமாக வீடு திரும்பினார் என்பதே அதன் முழுப்பயன்.

கற்பவை கற்றபின்

1. உமணர் வண்டியின் சேமஅச்சையும் ஊர்திக் கணினியையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

2. 40 வாட் மின்திறன் கொண்ட கருவி 24 வோல்ட்டில் 6 மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்னூட்டத்தைக் கணக்கிடுக.

3. உங்கள் ஊர் வழியே செல்லும் சரக்குந்து ஓட்டுநர் ஒருவரிடம் அவருடைய பயணம், ஓய்வு, ஊர்தியிலுள்ள கருவிகள் பற்றி உரையாடி, வகுப்பில் பகிர்க.