பாலின் சிட்ரேட்டும் தயிரின் மணமும்

காய்ச்சி ஆறிய பாலில் சிறிது உறைமோர் இட்டு வைத்தால் சில மணி நேரத்தில் அது தயிராகிறது. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக மாற்றுவதே இதற்குக் காரணம் என்பதை நாம் அறிவோம். ஆயினும் நல்ல தயிருக்குப் புளிப்பு மட்டுமன்றி, வெண்ணெயை நினைவூட்டும் இனிய மணமும் உண்டு. அம்மணம் லாக்டோஸிலிருந்து வருவதன்று. உறைதல் வேறு, மணத்தல் வேறு. இரண்டிற்கும் மூலப்பொருளும் வேறு. அதனை இங்கே ஆராய்வோம்.

சிட்ரேட் என்பது யாது?

எலுமிச்சைக்குப் புளிப்பைத் தருவது சிட்ரிக் அமிலம். ஷீலே என்னும் வேதியியலறிஞர் 1784-இல் இதனை எலுமிச்சைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். இதன் உப்பு வடிவமே சிட்ரேட். பசும்பாலில் இது லிட்டருக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2 கிராம் வரை உள்ளது. லாக்டோஸோ 45 கிராமுக்கும் மேல் உள்ளது. அளவிற் சிறியதாயினும் மணத்தைத் தீர்மானிப்பது இச்சிறுபொருளே.

எல்லா லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் சிட்ரேட்டைப் பயன்படுத்துவதில்லை. யோகர்ட் செய்ய உதவும் இருவகை பாக்டீரியாக்களும் பொதுவாக அதனைத் தொடுவதில்லை. யோகர்ட்டின் மணம் அசிட்டால்டிஹைடு என்னும் வேறு பொருளால் ஆனது. சிட்ரேட்டைப் பயன்படுத்துவோரில் முதன்மையானவை லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் இனத்தின் டயசெட்டிலாக்டிஸ் என்னும் வகையும், லியூகோநாஸ்டாக் என்னும் பேரினமும் ஆகும்.

மாற்றம் நிகழும் முறை

முதலாவதாக, செல்லின் உறையிலுள்ள ஒரு புரதம் சிட்ரேட்டை உள்ளே கொணர்ந்து, அதற்கு ஈடாக லாக்டேட்டை வெளியே அனுப்புகிறது. இந்தப் பண்டமாற்றில் எழும் மின்னழுத்த வேறுபாடு செல்லுக்கு ஆற்றலாகப் பயன்படுகிறது. பாக்டீரியா பெறும் ஊதியம் இதுவே.

இரண்டாவதாக, ஒரு நொதி சிட்ரேட்டை அசிட்டேட் என்றும் ஆக்சலோஅசிட்டேட் என்றும் பிளக்கிறது. பின்னது கரியமில வாயுவை இழந்து பைருவேட் ஆகிறது.

மூன்றாவதாக, இவ்வாறு மிகுந்துவிட்ட பைருவேட்டில் இரண்டு மூலக்கூறுகள் இணைந்து, மீண்டும் வாயுவை விடுத்து, ஆல்பா அசிட்டோலாக்டேட் ஆகின்றன.

இவ்விடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி நொதியின் செயலால் அசிட்டாயின் ஆகிறது; அதற்குக் குறிப்பிடத்தக்க மணமில்லை. சிறுபகுதி மட்டும் நொதியின் துணையின்றி, ஆக்சிஜனின் சேர்க்கையால் டயசெட்டில் ஆகிறது. வெண்ணெய் மணத்திற்குக் காரணம் டயசெட்டிலே என்று வான் நீல், க்ளூய்வர், டெர்க்ஸ் ஆகிய நெதர்லாந்து அறிஞர்கள் 1929-இல் எடுத்துக்காட்டினர். ஒரு கிலோ வெண்ணெயில் சில மில்லிகிராம் இருந்தாலே மணம் புலப்படும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். அசிட்டாயின் வழியில் இரண்டு சிட்ரேட் மூலக்கூறுகள் சிதைந்தால் இரண்டு அசிட்டேட்டும், ஓர் அசிட்டாயினும், நான்கு கரியமில வாயுவும் உண்டாகின்றன. இவ்வாயுவே கௌடா பாலாடைக்கட்டியில் சிறு கண்களை உண்டாக்குகிறது. அங்கே அது அழகு. செடார் பாலாடைக்கட்டியிலோ அதே வாயு வெடிப்பை உண்டாக்கும் குறையாகிறது. செயல் ஒன்றே, இடத்தால் குணமும் குற்றமும் வேறாகின்றன.

மணம் நிலையாமை

டயசெட்டில் நிலைத்து நிற்பதில்லை. பாலின் சிட்ரேட் தீர்ந்தபின், அதே பாக்டீரியாக்கள் டயசெட்டிலை மணமற்ற அசிட்டாயினாக மாற்றிவிடுகின்றன. ஆதலின் பால்பண்ணைகளில் மணம் உச்சத்தை அடையும் வேளையறிந்து குளிர்விக்கின்றனர். தயிரை அன்றன்று புதிதாய் உறையவைத்து உண்ணும் நம் இல்லங்களின் வழக்கத்திற்கும் இதனால் ஒரு பொருள் விளங்குகிறது.

இதனினும் ஆழ்ந்த இழப்பு ஒன்றுண்டு. டயசெட்டிலாக்டிஸ் வகையில், சிட்ரேட்டை உள்ளே கொணரும் புரதத்திற்கான மரபுக்குறிப்பு குரோமோசோமில் இல்லை. பிளாஸ்மிட் என்னும் சிறு தனி வளையத்தில் உள்ளது. செல் பல தலைமுறையாகப் பிரியும்போது சில செல்கள் அவ்வளையத்தைப் பெறாமற் போகலாம். அவை இறப்பதில்லை. லாக்டோஸை உண்டு, பாலை வழக்கம்போல் உறையச் செய்கின்றன. மணத்தை உண்டாக்கும் திறன் மட்டும் மறைந்துவிடுகிறது. தயிர் கெட்டியாக இருக்கிறதே என்று கண் நிறைவடைகிறது. இழப்பை மூக்குத்தான் உணர்த்தும். இதனாலேயே பண்ணைகள் ஒரே உறையை முடிவின்றி மாற்றி மாற்றி வளர்க்காமல், ஆய்ந்தறிந்த வித்தை உறைகுளிரில் காத்து வைக்கின்றன.

வீட்டு உறைமோரில் பலவகை நுண்ணுயிர்கள் கலந்து வாழ்வதால் இல்லத்திற்கு இல்லம் மணமும் மாறும். கெட்டியை மட்டும் நோக்காது, மணமும் நன்கமைந்த தயிரிலிருந்தே மறுநாளைக்கு உறை எடுத்துவைத்தல் நலம்.

சிந்திக்க:

1. பாலை உறையச் செய்வது எது? மணக்கச் செய்வது எது?
2. டயசெட்டில் உண்டாக ஆக்சிஜன் ஏன் வேண்டும்?
3. தயிர் நன்கு உறைந்தும் மணக்காதிருக்கக் காரணங்கள் யாவை?